இரண்டு சென்சார் மாற்றியும் திரும்பத் திரும்ப வருகிற பி0335

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: 16 வருடப் பழைய பெட்ரோல் வண்டி, நன்றாகச் சூடேறியதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது, செல்ஃப் சுற்றினாலும் ஸ்டார்ட் ஆவதில்லை, இருபது நிமிடம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் கோட் வருகிறது. இரண்டு ஒயர் உள்ள கிராங்க் சென்சாரை (இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணர்வது) இரண்டு முறை மாற்றியாயிற்று, இரண்டு முறையும் சில வாரம் ஒழுங்காக ஓடி மறுபடி அதே கதை. மூன்றாவதாகக் கம்பெனி ஒரிஜினலே வாங்கிவிடலாமா, இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) கெட்டிருக்குமா, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அந்தக் கோட் எண்ணைச் சரியாகப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பி0335 என்றால் "கிராங்க் சென்சார் ஏ, சர்க்யூட் பழுது". "சென்சார் கெட்டுவிட்டது" என்று அதில் எங்கேயும் இல்லை. வாசலில் இருப்பவர் காலிங்பெல்லை அழுத்தியும் மணி அடிக்கவில்லை என்றால், ஸ்விட்ச் போயிற்றா, ஒயர் அறுந்ததா, மணியே கெட்டதா என்று வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. இசியுவும் அப்படித்தான். ஒயரின் ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு, வர வேண்டிய துடிப்பு வரவில்லை என்று மட்டும் சொல்கிறது. சென்சார், அதன் கனெக்டர், ஹார்னெஸ் (ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய கற்றை) ஒயர், இசியு கனெக்டர், இசியு, சென்சாருக்கு எதிரே சுற்றும் பல்சக்கரம் எல்லாமே அந்த "சர்க்யூட்" என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். பக்கத்திலேயே பி0336 வந்தால் துடிப்பு வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை என்று பொருள். அப்போது பல்சக்கரம், இடைவெளி, மின் இரைச்சல் பக்கம் பார்க்க வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாருக்கான பி0340ம் கூடவே வந்தால் இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் சாக வாய்ப்புக் குறைவு, இரண்டுக்கும் பொதுவான எர்த் அல்லது சப்ளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, சென்சார் காரணமில்லை என்றால் மாற்றியதும் சில வாரம் ஏன் நன்றாக ஓடியது? இந்த வகைப் பழுதில் எல்லோரையும் ஏமாற்றுவது இதுதான். புதுச் சென்சார் மாட்டும்போது கனெக்டரைப் பிடுங்கி மறுபடி சொருகியிருப்பீர்கள். அப்படிச் சொருகும்போது பின்னின் மேல் படிந்த கறுப்பு உரசிப் போய்ப் புது உலோகம் தெரிகிறது, தொடுகை நன்றாகிவிடுகிறது. ஹார்னெஸை இழுத்து வேறு மாதிரி விட்டிருப்பீர்கள், உள்ளே முறிந்த ஒயர் இருந்தால் அதன் இரு முனையும் தற்செயலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கிச் சொருகியது செய்த வேலைக்குப் புதுச் சென்சாருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சூடும் அதிர்வும் சேர்ந்து சில வாரத்தில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். இரண்டு முறையும் ஒரே மாதிரி நடந்திருப்பதால்தான் நான் ஒயர் பக்கம் சாய்கிறேன்.

முதல் வேலை, கோட் எண்ணை அழிக்காதீர்கள். கோட் பதிவான நொடியில் கூலண்ட் வெப்பநிலை, ஆர்பிஎம், வேகம், இன்ஜின் லோடு எவ்வளவு என்று இசியு ஒரு படம் பிடித்து வைத்திருக்கும், ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் கிடைக்கும். கோட் எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் போய்விடும். நிறைய பேர் விளக்கு அணைந்தால் போதும் என்று முதலிலேயே அழித்துவிட்டு, அப்புறம் துப்பு இல்லாமல் தேடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே நீங்கள் கவனித்ததையும் எழுதுங்கள்: நின்றபோது மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதா, கிளட்ச் மிதித்திருந்தீர்களா, ஏசி ஓடியதா, வண்டி நனைந்திருந்ததா. நான்கு ஐந்து முறை எழுதினால் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அடுத்து, வண்டி நிற்கும் அந்த நொடியில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. கியரில் ஓடும்போது இன்ஜின் அணைந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்ஜியத்தில் விழுந்தால் இசியுவுக்கு கிராங்க் துடிப்பு போகவில்லை. முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் துடிப்பு இருக்கிறது, பெட்ரோல் பக்கமோ இக்னிஷன் பக்கமோ வேறு பிரச்சினை. நின்றபின் செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். சில வண்டிகளில் நல்ல நிலையில்கூட செல்ஃப் அடிக்கும்போது முள் அசையாது, அதனால் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பார்ப்பதே நிச்சயம். செல்ஃப் சுற்றும்போது 150, 200 என்று ஏதாவது காட்ட வேண்டும். இன்ஜின் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, திரையில் 0 என்றால் நீங்கள் சரியான இடத்தில்தான் தேடுகிறீர்கள். கிராங்க் துடிப்பு இல்லாவிட்டால் இசியு பெட்ரோல் பம்ப்பையும் நிறுத்திவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் சத்தம் கேட்கவில்லை என்று நல்ல பம்ப்பைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டு ஒயர் சென்சார் என்றால் உள்ளே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புச் சுருளும்தான். கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன ஏசி வோல்ட்டேஜ் பிறக்கும். நிறைய வண்டிகளில் இந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டு 58 மட்டும் வைத்திருப்பார்கள். அந்த வெற்றிடம் கடக்கும்போதுதான் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியு புரிந்துகொள்ளும். வேகம் கூடக் கூட வோல்ட்டேஜும் கூடும். அதனால் சென்சார் பலவீனமாக இருந்தால் முதலில் தெரிவது ஓடும்போது அல்ல, செல்ஃப் அடிக்கும்போது. சூட்டில் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் இன்னும் மோசம். பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் சென்சாரைக் குறை சொல்லக் கூடாது.

மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சில்லு உள்ளது; அதற்கு 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ சப்ளை போகும், சதுர அலை வெளியே வரும், அதை ஓம் மீட்டரில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் மூன்றாவது ஒயர் மின் இரைச்சலைத் தடுக்கும் வெறும் ஷீல்டாகவும் இருக்கலாம், ஆகவே வயரிங் படத்தைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

இப்போது கனெக்டருக்கு வருவோம், அவசரப்படாமல் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டுக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய இன்ஜினில் எங்கிருந்தோ ஆயில் கசிந்து கனெக்டருக்குள் தேங்கியிருப்பது சாதாரணம். அந்த ஆயில் ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி ஏறிப் போகும், ரப்பர் சீலை ஊதிப் பெருக்க வைக்கும். பச்சை நிறப் பொடி தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இரண்டும் இல்லாமல் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், பெண் பின் தளர்ந்திருக்கலாம். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றை, பழைய கனெக்டரிலிருந்து வெட்டியது இருந்தால் நல்லது, ஒவ்வொன்றிலும் சொருகி இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்து இழுக்கிற உணர்வு இருக்க வேண்டும். ஒன்று பிடிக்கிறது, இன்னொன்று வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது என்றால் அந்தப் பின்னை மாற்றியே ஆக வேண்டும். தடித்த மீட்டர் முனையை முன்பக்கமாக உள்ளே திணித்து அளந்த யாரோ ஒருவரால்தான் பல பின்கள் இப்படி அகன்று போகின்றன. அளப்பதானால் பின்பக்கமாக, ஒயரோடு ஒட்டி மெல்லிய ஊசி முனையை விட்டு அளக்க வேண்டும். ஒயரைக் குத்தி அளக்கவும் கூடாது, அந்த ஓட்டை வழியாக ஈரம் போய் அடுத்த வருடம் இன்னொரு பழுது வரும்.

ஒயரில் நான் அடி வாங்கிய கதை ஒன்று சொல்கிறேன். என்னிடம் இருந்த பழைய வண்டியிலும் இதே நோய், எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மூன்று சென்சார் மாற்றியிருந்தார். நான் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு ஒயரை ஓம் மீட்டரில் வைத்தேன், 0.3 ஓம், பிரமாதம். ஒயர் நல்லது என்று முடிவு கட்டி இரண்டு வார இறுதி வேறெங்கோ தேடினேன். கடைசியில் எரிச்சலில் ஹார்னெஸின் டேப்பை உரித்து ஒவ்வொரு ஒயராக விரலால் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே போனபோது, எக்ஸாஸ்ட்டுக்கு மேலே ஒரு இரும்புப் பிராக்கெட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு ஒயர் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. செம்பு முழுசாக இருக்கும் ஒயர் நீளாது. உறையை அறுத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி, ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம். மீட்டர் அனுப்புகிற துளியூண்டு கரண்ட்டுக்கு அந்த ஒரு இழை போதும், அதனால்தான் 0.3. இன்ஜின் சூடாகிப் பிராக்கெட் விரிந்து இழுத்ததும் அந்த இழை விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். வெளி உறையில் கீறல்கூட இல்லை.

அதனால் ஒயரைச் சோதிப்பதென்றால் சுமை வைத்துச் சோதியுங்கள். இசியு பக்கமும் சென்சார் பக்கமும் கழற்றிவிட்டு, இசியு கனெக்டரைத் தொடும் முன் பேட்டரி மைனஸையும் கழற்றிவிட்டு, அந்த ஒயர் வழியாகத் தனி 12 வோல்ட் சப்ளையில் 5 வாட் பல்பு ஒன்றை எரிய விடுங்கள். ஹெட்லைட் பல்பு வேண்டாம், மெல்லிய ஒயர் சூடாகிவிடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஹார்னெஸை ஒரு முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துக்கொண்டே வாருங்கள். வளைக்கும் இடத்தில் பல்பு மங்கினாலோ கண் சிமிட்டினாலோ பழுதின் மேல் கை வைத்துவிட்டீர்கள். இரண்டு சென்சார் ஒயரும் ஒன்றோடு ஒன்று உரசி ஷார்ட் ஆகிறதா, பாடியைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே மீட்டரில் பார்த்துவிடலாம்.

சூட்டில் மட்டும் வருகிற பழுது குளிர்ந்த வண்டியில் சோதித்தால் கிடைக்காது, இதை மெக்கானிக்கிடம் விடும்போது பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். செயற்கையாகச் சூடாக்கலாம். முடி உலர்த்தும் டிரையரை எடுத்து முதலில் சென்சாரை மட்டும், அப்புறம் கனெக்டரை மட்டும், அப்புறம் ஹார்னெஸை மட்டும் என்று தனித்தனியாகச் சூடாக்குங்கள், எதில் இன்ஜின் அணைகிறதோ அது. பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ ஒயரோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகவும் செய்யலாம்: வண்டி சூட்டில் நின்றுவிட்டால், எக்ஸாஸ்ட்டில் படாமல் சென்சாரின் மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஒயரை விட்டுவிட்டு நான் சென்சாருக்கே ஓட்டுப் போடுவேன்.

ஓம் அளவு பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. சூடானதும் சென்சாரின் ஓம் ஏறிவிட்டது, ஆகவே சென்சார் போச்சு என்பார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 800 ஓம் காட்டிய சுருள் 95 டிகிரியில் 1,020 ஓம் அளவுக்குக் காட்டத்தான் செய்யும், அது இயற்கை. பழுதான சுருள் அப்படி நிதானமாக ஏறாது, ஒரு கட்டத்தில் எண் தாறுமாறாகக் குதிக்கும், அல்லது திரையில் ஓஎல் (அளவு மீறியது, சுருள் அறுந்தது) என்று வந்துவிடும். உங்கள் வண்டிக்கு எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பதைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். இருநூறு சொச்சத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை வண்டிக்கு வண்டி மாறும், இன்னொரு வண்டிக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எர்த் சோதனை சீக்கிரம் முடியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில், யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தொட்டால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போகச் சுரண்டி மாட்டுங்கள். ஹால் வகை வைத்திருப்பவர்கள் சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருக்கிறதா, சப்ளை 5 வோல்ட் என்றால் அது உறுதியாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். எங்கோ இருக்கும் ஏசி பிரஷர் சென்சார் ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் எதைக் கழற்றும்போது 5 வோல்ட் எழுந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு கெட்டிருக்கலாம், அந்த இரைச்சல் பலவீனமான கிராங்க் துடிப்பைக் குழப்பும்.

சென்சாரைக் கழற்றும்போது அதன் முனையைத் துடைத்துப் பாருங்கள். காந்தம் என்பதால் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம், கொத்தாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கவலைப்பட வேண்டும். அந்த ஓட்டை வழியாகவே டார்ச் அடித்து, கிராங்க் புல்லியைக் கையால் ஸ்பேனர் போட்டுச் சுற்றி, பல்சக்கரத்தின் எல்லாப் பல்லையும் பார்த்துவிடுங்கள், உடைந்ததோ வளைந்ததோ இருக்கும். பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதனால் வெளிக் கம்பெனிச் சென்சார் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே துடிப்பு பலவீனமாகிவிடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் நிற்கிறது என்று உங்கள் நோட்டு சொன்னால் விஷயம் பெரிது. கிராங்க்கை அசையாமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து அது முன்னும் பின்னும் நகர்கிறதா என்று அளக்க வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்படி மாட்டிய சென்சாரில் அந்த நகர்வு இடைவெளியை நேரடியாக மாற்றும்.

ஒயரில் பழுது கிடைத்துவிட்டால் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து அதே தடிமனில் புது ஒயர் வைத்து, ஒழுங்காகக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஷீல்டு இருந்தால் அதை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும், இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டே இரைச்சலைக் கொண்டுவரும். இரண்டு ஒயரையும் இடம் மாற்றி இணைத்துவிடவும் கூடாது. ஓம் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், ஆனால் அலை தலைகீழாகி இசியு அந்த வெற்றிடத்தைத் தப்பாகப் படிக்கும். பழைய பாதையில் உரசியதால்தான் முறிந்தது என்றால் கிளிப் போட்டுப் பாதையையும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். பிறகு ஸ்கேனரில் பி0315 வந்தால் பயப்பட வேண்டாம், கிராங்க்கின் சிறு வேறுபாடுகளை இசியு மறுபடி கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள், ஸ்கேனர் மூலம் அந்தக் கற்றலை ஓட்டினால் போய்விடும்.

இசியு கெட்டிருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் அது வரிசையில் கடைசி. பழுது வந்த நேரத்தில் இசியுவின் பின்னிலேயே நல்ல அலை வந்து சேர்கிறது, அப்படியும் ஆர்பிஎம் 0 என்று ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தபின்தான் அதைத் தொட வேண்டும். அதற்கு முன் திறப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை.

அதுவரை ஓட்டலாமா? வேகமாகப் போகிற சாலையில் வேண்டாம். இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் லேசாக இருக்கும், அப்புறம் கட்டையாகிவிடும். அப்படி நின்றால் ஓரம் கட்டும் வரை சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும்.

கழற்றிய பழைய சென்சார்கள் இன்னும் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யலாம். மீட்டர் ஒயரை அவற்றின் பின்னில் மாட்டி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி வைத்து ஓம் எண்ணைப் பாருங்கள். கால் பங்கு அளவுக்கு நிதானமாக ஏறி நின்றால் அந்தச் சுருளில் குறையில்லை. இரண்டில் ஒன்றாவது அப்படித் தேறும் என்றுதான் நினைக்கிறேன். தேறினால் அதை உதிரியாக வைத்துக்கொண்டு, ஹார்னெஸின் டேப்பை உரிக்க ஆரம்பியுங்கள்.